மிதித்து ஏறும் மலைகள்

ஜவ்வாது, கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை: நெரிசல் எட்டாத கிழக்கு மலைச் சாலைகளில் சைக்கிள் பயணம்

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும் என்றானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு அது. அடுத்த ஆண்டுக் கோடையில் வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. இரண்டு மலைகள் எவ்வளவு பாரம் தாங்குகின்றன என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். குளிர்ந்த காற்றையும் பச்சையையும் அமைதியையும் தேடித்தான் அத்தனை பேரும் கிளம்புகிறார்கள். அமைதி மட்டும் மேட்டுப்பாளையம் வண்டி வரிசையிலேயே கைவிட்டுப் போகிறது.

அதே கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்கு ஏறும் சாலையில் நின்று பாருங்கள். பால்காரரின் வண்டி ஒன்று இறங்கிப் போகும். அதன் சத்தம் ஓய்ந்த பிறகு அடுத்த வண்டிக்கு வெகு நேரம் ஆகும். அந்த இடைவெளியில் காட்டுக்கோழி கூவுவது கேட்கும். பள்ளத்தில் யாரோ மாட்டை அதட்டுவது கேட்கும். சைக்கிளில் ஏறுகிறவர் என்றால் தன் மூச்சும் சங்கிலி ஓடும் ஓசையும் கேட்கும்.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட மலைச் சாலைகள் ஒன்றிரண்டு அல்ல, நிறைய இருக்கின்றன. வேலூரிலிருந்து திருச்சி வரை சிதறிக் கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில், பேருந்தும் பள்ளிப் பிள்ளைகளும் சாமை மூட்டை ஏற்றிய வண்டியும் போவதற்காகப் போடப்பட்ட சாலைகள் அவை. சைக்கிளுக்கு அவற்றைவிட நல்ல சாலை நம் மாநிலத்தில் வேறு இல்லை. அவற்றை இப்படியே வைத்திருப்பதா, அடுத்த ஊட்டியாக்குவதா என்று முடிவெடுக்க வேண்டிய காலமும் வந்துவிட்டது.

ஆறுகள் பிரித்த மலைகள்

மேற்குத் தொடர்ச்சி மலை, பாலக்காடு, செங்கோட்டை போன்ற சில கணவாய்களை விட்டால் அறுபடாமல் நீள்வது. கிழக்குத் தொடர்ச்சி அப்படியில்லை. ஆறுகள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டன. வடக்கே பாலாறு. ஜவ்வாதுக்கும் கல்வராயனுக்கும் நடுவே தென்பெண்ணை. கல்வராயனுக்கும் பச்சைமலைக்கும் நடுவே ஆத்தூர்ப் பக்கத்தில் வசிஷ்ட நதி. சைக்கிளில் போகிறவருக்கு இது பெரிய வசதி. ஒரு பக்கம் ஏறி, மேலே ஓர் இரவு தங்கி, மறுபக்கம் இறங்கினால் ரயிலோ பேருந்தோ பிடித்துவிடலாம்.

உயரமும் அளவானதுதான். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. ஏற்காடு 1,515 மீட்டர். மற்ற கிழக்கு மலைகளில் ஊர்கள் பெரும்பாலும் 700 மீட்டருக்கும் 1,300 மீட்டருக்கும் இடையில்தான். வெள்ளைக்கார அதிகாரிகள் கோடை வாசத்துக்கு இன்னும் உயரமான இடத்தைத் தேடினார்கள். ஏற்காட்டில் காபித் தோட்டம் வந்தது, அதோடு பங்களாக்களும் வந்தன. கொல்லிமலையோ மலேரியாக் காய்ச்சலுக்குப் பேர்போனது. அங்கே அவர்கள் ஊர் அமைக்கவில்லை. இப்படித் தப்பிய மலைகளில் படகுத்துறையும் கடைவீதியும் விடுதி வரிசையும் முளைக்காமல், சாமையும் தினையும் விதைத்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களே நிலைத்தன. இவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள், கேரளத்தோடு சம்பந்தமில்லை. ஜவ்வாதில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்றும், பச்சைமலையில் வண்ணாடு, தென்பறநாடு என்றும் அவர்களுடைய ஊர்த்தொகுதிகளின் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.

சாலைகளும் அந்த ஊர்களின் அளவுக்குத்தான் வந்தன. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், மலைப் பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 250 பேர் வாழும் குடியிருப்புக்கே சாலை போடலாம் என்று வரம்பைத் தளர்த்தியது. அந்தத் திட்டத்தில் தார்ப் பரப்பின் வழக்கமான அகலம் 3.75 மீட்டர். போக்குவரத்து மிகக் குறைந்த இடத்தில் 3 மீட்டர். எதிரும் புதிருமாக ஒரு பேருந்தும் காரும் வந்தால் ஏதாவது ஒன்று ஓரம் கட்டித்தான் ஆக வேண்டும். வேகமாகப் போக நினைக்கிறவருக்கு அந்தச் சாலை இடம் கொடுப்பதில்லை. அங்கே சைக்கிளுக்கு இருக்கும் பாதுகாப்பில் பாதி அந்தக் குறுகலிலிருந்து வருவது.

ஜவ்வாது: இரண்டு ரயில் பாதைகளுக்கு நடுவே ஒரு மலை

முதன்முறை போகிறவர்களுக்கு ஜவ்வாதுதான் ஏற்றது. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை போகும் ரயில் பாதையில் வாணியம்பாடி. மலையின் மறுபுறம், காட்பாடி – விழுப்புரம் பாதையில் போளூர். வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர், அத்திமூர் வழியாகப் போளூரில் முடிக்கலாம். பழகியவர் ஒரே பகலில் முடித்துவிடுவார். ஆனால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டால்தான் மலையைப் பார்க்க முடியும்.

வழியில் மோசமான பகுதி எது என்றால் தொடக்கத்தில் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய கொஞ்ச தூரம்தான். விடியும் முன் அதைத் தாண்டிவிட வேண்டும். ஆலங்காயத்தில் டீ குடித்து, வாழைப்பழம் வாங்கி, டயரில் காற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பஞ்சர் கடையை நம்ப முடியாது. ஊரைத் தாண்டியதும் காடு தொடங்கும். ஏற்றமும் தொடங்கும்.

காவலூர் வந்ததும் மரங்களுக்கு மேலே வெள்ளைக் குவிமாடம் ஒன்று தெரியும். வைணு பாப்பு வானாய்வகம். 1960-களின் கடைசியில், கொடைக்கானல் வானாய்வகத்தை நடத்திவந்த வைணு பாப்பு, தொலைநோக்கி வைக்க நல்ல இடம் தேடி இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்து பார்க்கலாம். ஊர் வெளிச்சம் அண்டாத இருட்டும் இருந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதைக் காட்டிய ஆய்வுகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. உள்நாட்டிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். பாப்பு அதைப் பார்க்க இல்லை, 1982-லேயே மறைந்துவிட்டார். விண்மீன் பார்ப்பவர்கள் இருட்டுக்காகத் தேர்ந்த இடத்தைத்தான் சைக்கிள்காரர்கள் அமைதிக்காகத் தேடி வருகிறார்கள். இரண்டுமே ஆள் நடமாட்டமும் வண்டியும் விளக்கும் குறைந்த இடத்தில் மட்டும் கிடைப்பவை. ஒரு மலையில் ஒன்று போனால் மற்றதும் கூடவே போய்விடும்.

காவலூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை மேட்டு நிலம். சாலை நேராக ஏறாமல், ஏறியும் இறங்கியும் போகும். இரு புறமும் சாமைக் கொல்லை, பலா மரம், புளிய மரம். அறுவடைக் காலத்தில் போனால் சாலையிலேயே சாமைக் கதிரைப் பரப்பியிருப்பார்கள். பேருந்துச் சக்கரம் ஏறி ஏறித் தானியம் உதிரும். காருக்கு அதன்மேல் போவது ஒன்றுமில்லை. சைக்கிளுக்கு அப்படியில்லை. காய்ந்த தாள் பின்சக்கரத்துப் பற்களுக்குள் சுருண்டு ஏறிக்கொண்டால் சங்கிலி குதிக்கத் தொடங்கும். விரலை விட்டு ஒவ்வொரு துரும்பாக உருவ வேண்டும். இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவதுதான் சரி. அது மரியாதையும்கூட. அவர்கள் களத்தில் நாம் நடக்கிறோம்.

அப்படித் தள்ளிக்கொண்டு போனபோது, முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “ஏம்பா, பஸ்ஸு வரலையா?” என்றார். உண்மையான கவலை அது. அந்த ஏற்றத்தில் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க மிதித்து வருகிறார் என்றால் பேருந்து தப்பிப் போயிருக்கும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார். காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவரிடம் யாரும் இதைக் கேட்க முடியாது. மணிக்கு எட்டு கிலோமீட்டரில் போகிறவர் அந்த ஊரின் பேச்சுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறார். மலையைச் சைக்கிளில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

மலை ஊர்களுக்குச் சைக்கிள் புதிதும் அல்ல. மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா சைக்கிள் 2001-இல் தொடங்கி, பிறகு எல்லாப் பிரிவினருக்கும் விரிந்தது. இந்தச் சாலைகளில் உங்களோடு போட்டி போட்டு ஏறும் பிள்ளைகளின் காலடியில் பெரும்பாலும் அந்த வண்டிதான் இருக்கும். கியர் கிடையாது. ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவார்கள், இறக்கத்தில் உங்களை முந்திவிடுவார்கள்.

ஜமுனாமரத்தூரில் ஏரி இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் பீமன் அருவி. மலைச் சாமையைத் தீட்டிப் பொட்டலமாக்கி விற்கிறார்கள், தேனும் கிடைக்கும். மறுநாள் காலை அத்திமூர்ப் பக்கம் இறங்குவது காட்டுக்கு நடுவே நெடிய இறக்கம். இது சந்தனத்துக்குப் பெயர்போன காடு. வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்டால் நின்று பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஏற்றத்தின் கணக்கு

மலைச் சாலை என்றதுமே பலர் பயந்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை, கணக்கைப் புரிந்துகொண்டால் போதும். பேருந்து போவதற்காக அமைத்த மலைச் சாலையில் ஏற்றம் பொதுவாக நூறு மீட்டருக்கு ஐந்திலிருந்து ஏழு மீட்டருக்குள் இருக்கும். நெடுஞ்சாலைப் பொறியியல் விதி அப்படி. கொண்டை ஊசி வளைவில் அது இன்னும் தணிந்து, நூறுக்கு இரண்டரைக்கு மேல் போகக் கூடாது. அதனால் ஒவ்வொரு வளைவும் கால்களுக்குக் கிடைக்கும் ஓய்வு. வளைவின் உட்புறம் செங்குத்தாக இருக்கும், வெளிப்புறம் சாய்வு குறைவு. எதிரே வண்டி இல்லை என்று தெரிந்தால் மட்டும் வெளிப்புறமாக எடுங்கள்.

பெரிய சாலையிலிருந்து பிரிந்து குக்கிராமத்துக்குப் போகும் கிளைச் சாலைகள்தான் ஆளைச் சோதிப்பவை. பழைய ஒற்றையடிப் பாதையின் மேலேயே தார் போட்டிருப்பார்கள். சில இடங்களில் நூறு மீட்டரில் பத்துப் பதினைந்து மீட்டர் எகிறும். அங்கே இறங்கித் தள்ளுவதில் எந்தக் குறைவும் இல்லை.

கியர் முக்கியம். பெடல் பக்கத்துச் சிறிய சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய சக்கரத்தில் 32 அல்லது 34 பல் இருந்தால், ஒரு முழு மிதிக்குச் சக்கரம் ஏறக்குறைய ஒரு சுற்றுதான் சுற்றும். வேகம் வராது, ஆனால் முழங்கால் தாங்கும். உடம்பும் வண்டியுமாக 85 கிலோவை 700 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, உடம்பு ஏறத்தாழ 600 கிலோ கலோரி செலவழிக்கும். காலையில் சாப்பிட்ட நாலு இட்லி பாதி வழியைக்கூடத் தாங்காது. பையில் கடலை மிட்டாயும் பழமும் இருக்கட்டும். பசி எடுத்த பிறகு சாப்பிடுவது தாமதம். அரை மணிக்கு ஒரு முறை கொஞ்சம் மெல்லுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தியபடி இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு இறங்க வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக் பிடித்தால் சறுக்கும். ஈர இலையும் உதிர்ந்த ஜல்லியும் வளைவிலேயேதான் சேர்ந்திருக்கும். குறுகிய மலைச் சாலையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். சைக்கிளிலும் அதையே கடைப்பிடியுங்கள். பேருந்தின் ஹாரன் கீழே எங்கோ கேட்டாலே ஓரம் கண்டு நின்றுவிடுவது நல்லது.

இன்னும் சில தடங்கள்

கல்வராயன்: கள்ளக்குறிச்சிப் பக்கம் கச்சிராயபாளையத்தில் கோமுகி அணை. அங்கிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையை ஒட்டிப் பெரியார் அருவியும் மேகம் அருவியும் இருக்கின்றன. வெள்ளிமலையிலிருந்து கருமந்துறை வழியாகச் சேலம் மாவட்டப் பக்கம் இறங்கலாம். ஜாகீர்தார்களின் ஆளுகையில் 1976 வரை இருந்த மலை இது. சாலையும் பள்ளியும் பிந்தித்தான் வந்தன. மரவள்ளிக் கொல்லைகளுக்கு நடுவே அலையலையாகப் போகும் மேட்டுச் சாலை. நான் சைக்கிளில் போன மலைகளில் மறுபடி மறுபடி இழுப்பது இந்த வெள்ளிமலை – கருமந்துறைப் பகுதிதான்.

பச்சைமலை: துறையூர் பக்கம் சோபனபுரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும் சாலை. உயரம் அதிகமில்லை, முதல் மலைப் பயணத்துக்கு இதுவும் நல்லது. மேலே போய்ச் சேர்ந்ததும் ஊருக்கு ஊர் கிளைச் சாலைகள். ஒரு நாளை அவற்றில் சுற்றியே கழிக்கலாம்.

கொல்லிமலை: காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் மோட்டார் சைக்கிள்காரர்களிடையே புகழ்பெற்றுவிட்டன. சனி, ஞாயிறு அந்தப் பக்கம் சைக்கிளில் போக வேண்டாம். செவ்வாயோ புதனோ போனால் அதே சாலை உங்களுக்கே. முள்ளுக்குறிச்சி வழியாக ஏறும் மாற்றுச் சாலையும் உண்டு. மிளகுக் கொடி ஏறிய மரங்களும் அன்னாசித் தோட்டங்களும் மேலே காத்திருக்கும்.

ஏற்காடு: சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பிரதான சாலையை எல்லோருக்கும் தெரியும். அயோத்தியாப்பட்டணம் தாண்டிக் குப்பனூர் வழியாக ஏறும் பின்பக்கச் சாலையில் வண்டி குறைவு. காட்டெருமை நடமாட்டம் உண்டு. கண்டால் நின்றுவிடுங்கள், அது போகும் வரை பொறுங்கள்.

ஏலகிரி: 14 வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்களின் பெயர்கள். ஏற்றம் குறைவான தூரம், பயிற்சிக்கு நல்லது. ஆனால் வார இறுதியில் கூட்டம் அதிகம்.

மேற்கே ஒரே ஒரு தடம்: நீலகிரியிலேயே அமைதி வேண்டும் என்றால் மஞ்சூரிலிருந்து கிண்ணக்கொரை போகும் சாலை. தேயிலைத் தோட்டத்துக்கும் சோலைக்காட்டுக்கும் நடுவே போய் முடியும் சாலை அது. கடந்து போக வேறு ஊர் இல்லாததால் வண்டியும் இல்லை. நல்ல சைக்கிள் சாலையைத் தேட இது ஒரு நம்பகமான வழி: எந்தச் சாலை பெரிய ஊர் இரண்டை இணைக்கவில்லையோ, அங்கே போங்கள்.

அமைதி வேறு, புறக்கணிப்பு வேறு

வண்டி குறைந்த சாலையைப் புகழும்போது மறக்கக் கூடாத ஒன்று உண்டு. 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில், ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சரியான சாலை இல்லாததால் மருத்துவமனைக்குப் போய்ச் சேரத் தாமதமாகிக் குழந்தை இறந்துபோனது. உடலைத் திரும்பக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் மலை அடிவாரத்துக்கு மேல் போக முடியவில்லை. பெற்ற தாய் குழந்தையின் உடலைக் கையில் ஏந்திப் பல கிலோமீட்டர் மலை ஏறி நடந்தார். தமிழ்நாடே அதைப் பார்த்தது.

அல்லேரியும் ஜவ்வாது மலைத் தொகுதியைச் சேர்ந்ததுதான். நமக்கு இதமாகத் தெரியும் வெறுமையான சாலை, அங்கே வாழ்பவருக்குப் பல நேரம் வராத பேருந்து, எட்டாத ஆஸ்பத்திரி, பாதியில் நின்ற படிப்பு. ஆகவே, ‘இந்த மலைகளுக்குச் சாலையே வேண்டாம், இப்படியே அழகாக இருக்கட்டும்’ என்று கீழே இருந்து வந்துபோகும் யாரும் சொல்லக் கூடாது. அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆனால் ஊருக்குத் தேவையான சாலை வேறு, கூட்டத்துக்குத் தேவையான சாலை வேறு. இந்த வித்தியாசத்தைத்தான் நாம் பேச மறுக்கிறோம். மலை ஊருக்கு வேண்டியது, மழையில் அரித்துப் போகாத ஒற்றைத் தடம். ஆம்புலன்ஸ் நிற்காமல் ஏறும் தரம். நாலைந்து வேளை வரும் பேருந்து. எதிர்வண்டிக்கு ஒதுங்க ஆங்காங்கே இடம். வளைவில் தடுப்புச் சுவர். இவை அத்தனையும் சைக்கிளுக்கும் வேண்டியவை. நான்கு சக்கர வண்டிகள் இரண்டு பக்கமும் பறக்க மலைச்சரிவை வெட்டி அகலப்படுத்துவது ஊருக்காகச் செய்வதல்ல. வெட்டிய சரிவு அடுத்த பெருமழையில் சரியும். அகன்ற சாலை வேகத்தைக் கூட்டும். வேகம் கூடிய சாலையில் முதலில் பயந்து ஒதுங்குவது, விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போகும் அந்த மலைப் பிள்ளைதான். பிறகுதான் நாம்.

இப்போது ஏன் பேச வேண்டும்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரம்பு வந்துவிட்டது. அது நல்ல முடிவு. ஆனால் அங்கே இடம் கிடைக்காத கூட்டம் வீட்டிலேயே இருந்துவிடாது. வேறு மலையைத் தேடும். ஜவ்வாதும் கொல்லியும் கல்வராயனும் சென்னைக்கும் பெங்களூருக்கும் சேலத்துக்கும் அருகிலேயே இருக்கின்றன. ஊட்டியில் ஐம்பது ஆண்டுகளில் நடந்தது இங்கே பத்தே ஆண்டுகளில் நடந்துவிடலாம். கெட்ட பிறகு நீதிமன்றம் போய் வரம்பு வாங்குவதைவிட, கெடும் முன்பே தடுப்பது எளிது.

உலகில் இதற்கு வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம், போக்குவரத்து குறைந்த கிராமச் சாலைகளை ‘அமைதிச் சாலை’ என்று அறிவிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. ஜெர்சி தீவில் ‘பசுஞ்சாலைகள்’ என்று அறிவித்த கிராமச் சாலைகளில் மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நடப்பவர், சைக்கிள், குதிரைக்கே முன்னுரிமை. வடக்கு இத்தாலியின் டோலமைட் மலைகளில் செல்லா மலையைச் சுற்றிய நான்கு கணவாய்ச் சாலைகளை, ஆண்டில் குறிப்பிட்ட நாளில் மோட்டார் வண்டிகளுக்கு மூடிச் சைக்கிளுக்கு மட்டும் திறக்கிறார்கள். பெரும் செலவு எதிலும் இல்லை. ஓர் அறிவிப்பு, ஒரு பலகை, அதை மதிக்க வைக்கும் உறுதி.

இங்கேயும் செய்ய முடியும். கொல்லிமலையின் 70 வளைவுகளை மாதம் ஒரு ஞாயிறு காலை ஆறிலிருந்து ஒன்பது வரை பேருந்து, ஆம்புலன்ஸ், உள்ளூர் வண்டிகள் தவிர மற்றவற்றுக்கு மூடலாம். ஜவ்வாதின் மேட்டுச் சாலைகளில் வேக வரம்பு 30 என்று பலகை வைக்கலாம். வாணியம்பாடி, போளூர், சேலம் ரயில் நிலையங்களில் சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்து அனுப்பும் வேலையை எளிதாக்கினால், காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வரும் நிலை குறையும். அமைதியைத் தேடி வருகிறவரே ஒரு காரையும் மலைக்குக் கொண்டுவருவது சரியாகாது.

நீலகிரியைச் சுற்றிய சைக்கிள் சுற்றுப்பயணம் 2008-இல் தொடங்கிய பிறகு, தென்னிந்தியாவில் மலைச் சைக்கிள் ஓட்டம் வேகமாகப் பரவியிருக்கிறது. நகரத்துச் சைக்கிள் குழுக்கள் வாரந்தோறும் கிளம்புகின்றன. அவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஐம்பது பேர் ஒரே நாளில் ஒரு சின்ன மலை ஊருக்குள் நுழைந்தால் அதுவும் கூட்டம்தான். ஐந்தாறு பேராகப் பிரிந்து, வார நாளில் போங்கள். சாப்பாட்டைக் கீழிருந்து கட்டிக்கொண்டு போகாமல் மலைக் கடையில் சாப்பிடுங்கள். சாமையும் தேனும் அங்கேயே வாங்குங்கள்.

புறப்படும் முன்

• காலம்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை சிறந்தது. கோடையில் மாலை இடிமழை வரும். நண்பகலுக்குள் ஊர் சேருங்கள். கோடை விழா நாள்களைத் தவிருங்கள்.

• நேரம்: விடியற்காலையில் கிளம்புங்கள். காட்டுச் சாலையில் அந்திக்குப் பிறகு வேண்டாம். கரடி, காட்டெருமை நடமாடும் நேரம் அது.

• கையில்: இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள், காற்றடிக்கும் பம்ப், சங்கிலித் துண்டு, இரண்டு லிட்டர் தண்ணீர், சில்லறைப் பணம். மலையில் செல்பேசிச் சமிக்ஞை விட்டு விட்டு வரும். வழித்தடத்தை முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

• வண்டி: கிளம்பும் முன் பிரேக் கட்டையைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டே மலைக்குப் போங்கள். முன்னும் பின்னும் விளக்கு, தலைக்கவசம் கட்டாயம்.

• நடத்தை: பிள்ளைகளைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். பாட்டில், உறை எல்லாவற்றையும் கீழே கொண்டுவாருங்கள். அருவிக்குப் போகும் முன் ஊராரிடம் கேளுங்கள்.

இந்தச் சாலைகளை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லும் முதல் உரிமை அவற்றின் ஓரம் வாழ்பவர்களுடையது. மலை ஊராட்சிகளின் கிராம சபைகளில் அந்தப் பேச்சு நடக்க வேண்டும்: எந்தச் சாலை எவ்வளவு அகலம், எத்தனை பேருந்து, வெளி வண்டிக்கு எவ்வளவு இடம். அவர்கள் நல்ல சாலையும் கூடுதல் பேருந்தும் கேட்கும்போது, அந்த மலைகளில் மிதித்து மகிழும் நாமும் சேர்ந்து கேட்க வேண்டும். மாவட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதுங்கள். உங்கள் சைக்கிள் குழுவின் பெயரிலேயே எழுதுங்கள். பழுதான தடத்தைச் செப்பனிடுங்கள், அகலப்படுத்த வேண்டாம், வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். மலை ஊர்க்காரருக்கும் மலையேறி வருகிறவருக்கும் ஒரே சாலை பொருந்தும் வாய்ப்பு கிழக்கு மலைகளில் இன்னும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குவது நம் வேலை.